பங்காளியின் பருத்தி

அக்டோபர் 3, வெள்ளி

மக்காச்சோளம் இரண்டு ஏக்கர். வயது இருபத்து மூன்று நாள். களைக்கொல்லி அடித்தேன். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. காற்று: இல்லை.

இந்த நோட்டு வேளாண்மை ஆபீஸ் மேடம் கொடுத்தது. ஊரில் பத்துப் பேருக்குக் கொடுத்தார்கள். என்ன விதைத்தோம், எப்போது மழை, எந்த மருந்தை எந்த நேரத்தில் அடித்தோம், காற்று இருந்ததா இல்லையா, எல்லாவற்றையும் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்களாம்.

சாரணையும் தொய்யக்கீரையும் முழங்கால் உயரம் வந்துவிட்டன. களை வெட்ட ஆள் இல்லை. பெண்கள் எல்லாரும் காலையிலேயே கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். மருந்து அடிக்கும் பேட்டரி டேங்கை ஒரு நாளைக்குத்தான் இரவல் கொடுத்தார்கள். இன்றைக்கு விட்டால் பத்து நாள் ஆகும்.

உள்ளங்கையில் கருவேல முள் ஏறி ஒடிந்துவிட்டது. வீட்டுக்காரி செந்தாமரை ஊசியால் எடுத்தாள். வண்டிப்பாதையில் மருதமுத்து வெட்டிப் போட்ட முள். அவன் என் சித்தப்பா மகன். என் நிலத்துக்குக் கிழக்கே ஒட்டினாற்போல ஒன்றரை ஏக்கர், முழுக்கப் பருத்தி. பாதைத் தகராறில் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

சாரணை முறுக்கிக்கொண்டு படுத்துவிட்டது. நல்ல மருந்து. சோளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

செந்தாமரை மாட்டுக்குப் புல் அறுக்கக் கிழக்கு வரப்புக்குப் போனாள். கூப்பிட்டு நிறுத்தினேன்.

"ஏங்க, அங்கதான அருகு நல்லா வளந்து கெடக்கு?"

"பாம்பு கெடக்குது. நேத்துப் பாத்தேன்."

ஏரிக்கரைக்குப் போய் அறுத்து வந்தாள். நடந்து நடந்து கால் வலிக்கிறது என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

இன்றிலிருந்து சிலவற்றை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேடம் முன்பக்கம் மட்டும்தான் பார்ப்பார்.

பால் சொசைட்டியிலிருந்து வந்ததும் செந்தாமரை சொன்னாள். "பவுனு அழுவுறா. பருத்தி எல உள்ளங்கையாட்டம் விரிஞ்சு இருந்தது, இப்ப வெரலு வெரலா சுருங்கிப்போச்சாம். பாக்க வெண்டிச் செடியாட்டம் இருக்குதாம்." பவுனு, மருதமுத்துவின் மனைவி. ஆண்கள் பேசாவிட்டாலும் இந்த இரண்டு பேரும் பால் ஊற்றும் இடத்தில் பேசிக்கொள்வார்கள்.

"பூச்சியா இருக்கும்" என்றேன்.

"என்னா பூச்சிங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அவன் காட்டுக்குள்ளயா குடியிருக்கேன்?"

ஏன் சத்தம் போட்டேன் என்று தெரியவில்லை. சாப்பிடாமல் எழுந்து காட்டுக்குப் போனேன். போய் ஒரு வேலையும் செய்யவில்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வரப்பில் நின்று பார்த்தேன். எங்கள் வரப்பை ஒட்டிய வரிசைகளில் சுருக்கம் அதிகம். கிழக்கே போகப் போகக் குறைவு.

அக்டோபர் 11, சனி

மருதமுத்து மருந்து அடித்தான். மருந்துக் கடையில் ஒரு கொத்து இலையைக் காட்டினானாம். சாறு உறிஞ்சும் பூச்சி என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார்களாம். வாயில் துணிகூடக் கட்டவில்லை. செருப்பும் இல்லை. காலையில் ஆரம்பித்து உச்சி வெயில்வரை அடித்தான். நான் வரப்பில் இருக்கும் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவன் பார்க்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

என் சோளத்தில் படைப்புழு. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம். விரலை விட்டுப் பிடித்து நசுக்கினேன். இருபது செடிக்கு மூன்றில் இருக்கிறது. இன்னும் கூடினால்தான் மருந்து. செந்தாமரையும் நானும் எட்டு வரிசை பார்த்தோம்.

மருதமுத்து மறுபடி அடித்தான். இந்தத் தடவை வேறு நிற பாட்டில். இரண்டைக் கலந்து அடித்ததாகப் பவுனு சொன்னாளாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேடம் வந்தார். முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "கலியபெருமாள் ஐயா, உங்களை மாதிரி எல்லாரும் எழுதுனா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். காற்று இல்லை என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு டிக் போட்டார்.

சோளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மேற்குப் பக்கமாகவே கூட்டிப் போய், மேற்குப் பக்கமாகவே கூட்டி வந்தேன். "அந்தப் பக்கம் முள்ளு மேடம், செருப்புத் தாங்காது" என்றேன்.

அவர் ஸ்கூட்டி போன பிறகு ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார முடியாமல் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். மாடுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அக்டோபர் 16, வியாழன்

மருதமுத்து மூன்றாவது தடவை அடித்தான். மாலையில் நல்ல மழை. அடித்ததெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

செந்தாமரை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அன்னிக்கு நீங்க அடிச்ச மருந்து பருத்திக்கு ஆவுமா?"

"அவன் காட்டுல யாரு அடிச்சா?"

"நான் அதக் கேக்கலைங்க."

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ராத்திரி சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு எண்ணெய், வெல்லம் வாங்கப் பெரம்பலூர் போனேன். மருந்து வாங்கிய கடைக்கும் போனேன். என் கடை வேறு, மருதமுத்து வாங்கும் கடை வேறு. யாருக்கோ கேட்பதுபோல, களை மருந்து பருத்தியில் பட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நான்தான் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னனே. பக்கத்துல பருத்தி இருந்தா காத்து நின்ன பொறவு அடிங்க, அதோட வாடையே பருத்திக்கு ஆவாதுன்னு. பட்டுருச்சா?"

"எனக்கு இல்ல. தெரிஞ்சவருக்கு."

"லேசாப் பட்டிருந்தா பயமில்ல. கோணிப்போன கொழுந்தையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, யூரியாவக் கொஞ்சமா தண்ணில கரைச்சு அடிக்கச் சொல்லுங்க. புதுசா பக்கக் கிளை வுட்டுத் தெளிஞ்சு வந்துரும். ஆனா சீக்கிரம் பண்ணணும். பூச்சி மருந்த அடிச்சு ஒரு புண்ணியமும் கெடையாது."

கடைக்காரர் முன்பே எச்சரித்ததை இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மருதமுத்துவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வண்டியை எடுத்தேன். வழியில் மழை. அவன் வீட்டுத் தெருவில் திரும்பாமல் நேராக வந்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாலாவது தடவை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் இளவரசி வந்தாள். மருதமுத்துவின் மகள், திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருடம். சண்டை எல்லாம் அவளுக்கு இல்லை. எவர்சில்வர் தட்டில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்தாள்.

"பெரியப்பா, நல்லா இருக்கீங்களா?"

"அப்பா எப்படிம்மா இருக்கான்?"

"தலைவலின்னு படுத்திருக்காரு. ராத்திரியெல்லாம் வாந்தி. கை நடுங்குது. மருந்து அடிக்கறப்ப முகத்துல துணி கட்டுங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு. இந்த வருஷம் பருத்தி போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு அதே பொலம்பல். வியாழக்கெழம இன்னொரு மருந்து அடிக்கணுமாம்."

செந்தாமரை அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். இளவரசியும் ஏதோ சொல்வேன் என்று நின்றாள்.

"அதிரசம் நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

இரண்டு தடவை அவன் வீட்டுப் பக்கம் போனேன். ஒரு தடவை கதவு சாத்தியிருந்தது. இன்னொரு தடவை திறந்திருந்தது.

அக்டோபர் 23, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மழை வெறித்து வெயில் சுள்ளென்று இருந்தது. ஏழு மணிக்கெல்லாம் மருதமுத்து டேங்கை மாட்டிக்கொண்டான். நானும் சோளத்துக்குள் இறங்கினேன். புழு பார்க்கத்தான். ஆனால் குருத்தைப் பிரிப்பேன், தலையைத் தூக்கி அவனைப் பார்ப்பேன். மறுபடி குருத்து. பத்து மணி வாக்கில் தலையைத் தூக்கினேன், அவன் இல்லை. டேங்க் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

வரப்பைத் தாண்டி ஓடினேன். இரண்டு வருடத்தில் அந்த நிலத்தில் நான் கால் வைத்தது அப்போதுதான்.

டேங்க் முதுகில் இருந்தபடியே குப்புற விழுந்து கிடந்தான். வாயில் நுரை. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றினாற்போல வியர்வை. அவன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழிப் பாவை கடுகளவு சுருங்கியிருந்தது. மருந்து சட்டையெல்லாம் வழிந்திருந்தது. சட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு உடம்பில் ஊற்றினேன். கத்தினேன். பவுனு கஞ்சித் தூக்கோடு வந்துகொண்டிருந்தவள், தூக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மாமா! என்னா மாமா ஆச்சு இவருக்கு?"

"பாட்டில எடு. காலிப் பாட்டில் எல்லாத்தையும் எடு. டாக்டருக்குக் காட்டணும்."

என் வண்டியில் நடுவில் அவனை உட்கார வைத்து, பின்னால் பவுனு கட்டிப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு கிலோமீட்டர். அவன் தலை என் முதுகில் சாய்ந்தே இருந்தது. மூச்சு என் பிடரியில் பட்டது. சில நேரம் படவில்லை. படாதபோதெல்லாம் "மருத, மருத" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். சின்ன வயதில் கூப்பிட்டது அப்படித்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். டாக்டர் பாட்டில்களைப் பார்த்தார். "மூணு விதமான மருந்து. எதுக்கு இவ்வளவு அடிச்சாரு?" என்று கேட்டார்.

பவுனு என்னைப் பார்த்தாள். "பருத்தியில பூச்சிங்க" என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

பிழைத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்களாம். ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பால் சொசைட்டிச் செயலாளர் எழுந்து நின்று, "பேச்சில்லாம இருந்தும் பங்காளிய முதுகுல போட்டுக்கிட்டுப் போனான் பாரு, இவன் மனுசன்" என்றார். பாலை அளக்காமலே கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். செந்தாமரை திரும்பப் போய் ஊற்றிவிட்டு வந்தாள்.

அக்டோபர் 27, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருதமுத்து பேசுகிறான். குரல் மட்டும் கம்மிவிட்டது.

"அண்ணே" என்றான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த முள்ள நான்தான் போட்டேன். எடுத்துடறேன். பாதைல நீ வண்டி ஓட்டிக்கண்ணே."

இளநீரைச் சீவி டம்ளரில் ஊற்றினேன். கொஞ்சம் தரையில் கொட்டிவிட்டது.

"பருத்தி அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம டிராக்டர் வுட்டு மடக்கி ஓட்டிட்டு, கொத்தமல்லி தெளிச்சுடப் போறேன். நோவு பிடிச்ச செடிய வச்சுக்கிட்டு எதுக்கு?"

அது நோய் இல்லை. கொழுந்தைக் கிள்ளிவிட்டால் போதும். வாய்வரை வந்தது. அவன் மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அக்டோபர் 30, வியாழன்

மருதமுத்து வீட்டுக்கு வந்துவிட்டான். பவுனு கோழி அடித்துக் குழம்பு வைத்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். செந்தாமரை தலைவலி என்று வரவில்லை. நான் போனேன். சாப்பிட்டேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் செந்தாமரை கேட்டாள்: "சோறு எப்படிங்க எறங்குச்சு?"

அக்டோபர் 31, வெள்ளி

எழுதிவிடுகிறேன். களைக்கொல்லி அடித்த அன்றைக்குக் காற்று இருந்தது. மேல்காற்று. ஆரம்பிக்கும்போது லேசாக இருந்தது, பத்தரைக்கெல்லாம் சோளத் தோகை கிழக்கே சாயும் அளவுக்கு அடித்தது. மருந்துப் புகை வரப்பைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். முள் ஏறிய கை எரிந்துகொண்டிருந்தது. போனால் போகட்டும் என்று அடித்தேன். இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒன்றும் ஆகாது என்றும் நினைக்கவில்லை.

நாளை மறுநாள் டிராக்டர்.

நவம்பர் 1, சனி

மாலை நாலு மணிக்கு மருதமுத்து வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பவுனு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"டிராக்டர வரவேண்டாம்னு சொல்லிடு" என்றேன். "கொழுந்தக் கிள்ளிவிட்டு யூரியா கரைச்சு அடிச்சா செடி தெளிஞ்சுரும்."

"யாருண்ணே சொன்னா?"

"கடையில கேட்டேன்."

"நான் கேட்டப்ப பூச்சின்னுதான சொன்னாங்க? உன் கடையில எப்படி வேற மாதிரி சொன்னாங்க?"

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மேடம் சொன்னார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் பருத்தியும் பிழைத்திருக்கும், நானும் நல்லவனாகவே இருந்திருப்பேன். என் வீட்டிலிருந்து அவன் வீடுவரை அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

"அது பூச்சி இல்ல மருத. நான் அடிச்ச களை மருந்து. காத்துல வந்து பட்டுருச்சு."

அவன் சிரித்தாற்போல இருந்தது. புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். பவுனு கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?" அண்ணே என்பது இல்லை.

"அடிக்கறப்பவே."

பவுனுதான் பேசினாள். "நீங்க தெரிஞ்சே இருந்தீங்களா மாமா? இவரு வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தாரே, எம் பொண்ணு வந்து சொன்னாளே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"எந்திரிச்சுப் போங்க" என்றாள்.

மருதமுத்து தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் நடுங்கியது.

நவம்பர் 2, ஞாயிறு

டிராக்டர் வரவில்லை. ஏழு மணிக்கு இளவரசி போன் செய்தாள், திருச்சியிலிருந்து. "அப்பா சொல்லச் சொன்னாரு. நாளைலேர்ந்து நீங்களே வந்து கிள்ளிவிடணுமாம். பேசக் கூடாதாம்." பெரியப்பா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

நவம்பர் 3, திங்கள்

பதினாறு வரிசை கிள்ளினேன். கோணிய கொழுந்தைக் கட்டை விரல் நகத்தால் நறுக்கி எடுக்க வேண்டும். நகத்துக்குள் பச்சைச் சாறு. மருதமுத்து வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

இருபது வரிசை. பதினொரு மணிக்குச் செந்தாமரை வந்து அடுத்த வரிசையில் இறங்கினாள்.

நவம்பர் 5, புதன்

மழை. வேலை பாதியில் நின்றது. என் சோளத்தில் புழு கூடிவிட்டது. அதைப் பார்க்க நேரம் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

நேற்றே கடைசி வரிசையையும் முடித்தேன். இன்று யூரியாக் கரைசலும் நானே அடித்தேன். வாயைக் கட்டிக்கொண்டு, விடியற்காலையில், இலை அசையாத நேரத்தில். அடித்து முடித்து டேங்கைக் கழுவும்போது மருதமுத்து எழுந்து வந்தான்.

"நான் மருந்து அடிக்கறப்ப எல்லாம் நீ எங்க இருந்த?"

"வரப்புல."

"எத்தன தடவ?"

"அஞ்சு."

"அஞ்சு தடவையும் பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் வெகுநேரம் சோளப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "காத்துல பட்டத வுட்டுருவேன். காத்து யாரு பேச்சக் கேக்கும்? ஆனா நீ நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க" என்றான். பிறகு, "ஊருல நீயே சொல்லு. நான் சொன்னா பழைய சண்டையில சொல்றான்னுவாங்க. உன்னத் தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறானுவ" என்றான்.

நவம்பர் 8, சனி

பால் ஊற்றப் போனேன். சொல்லவில்லை. கூட்டம் குறைவாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆண்களும் வந்திருந்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்ததும், "வாய்யா கலியபெருமாளு" என்று வழிவிட்டார். வரிசையில் எனக்கு முன்னால் நாலாவதாக மருதமுத்து நின்றிருந்தான். திரும்பவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். களை மருந்து அடித்ததையும் காற்றையும் சொன்னேன். தெரிந்தும் நாலு வாரம் வாயைத் திறக்காமல் இருந்ததைச் சொன்னேன். அவன் விழுந்தது என்னால்தான் என்பதையும் சொன்னேன்.

செயலாளர்தான் முதலில் பேசினார். "ஏய்யா, எல்லாம் சரியாப் போயிருச்சே. இத இப்ப எதுக்குய்யா சொல்ற?"

"சொல்லட்டும்" என்றான் மருதமுத்து. "நான்தான் சொல்லச் சொன்னேன்."

வரிசை நகர்ந்தது. அவன் பாலை ஊற்றிவிட்டு, என்னைத் தாண்டி, காலிக் கேனோடு போனான். என் முறை வந்தது. செயலாளர் முகத்தைப் பார்க்காமல் அளந்தார்.

நவம்பர் 12, புதன்

மேடம் வந்தார். நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தார். டிக் போட்ட இடத்தைத் தேடி எடுத்து, அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 14, ஞாயிறு

பருத்தியில் புதுக் கிளைகள். இலை அகலமாக விரிந்திருக்கிறது. வரப்பிலிருந்து பார்த்ததுதான், உள்ளே போகவில்லை. என் சோளத்தில் பாதிக் கதிரைப் புழு தின்றுவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

மருதமுத்து காட்டில் முதல் பருத்தி எடுப்பு போன வாரம் நடந்தது. வழக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததாம். பவுனு செந்தாமரையைக் கூப்பிட்டிருந்தாள், அவள் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

இன்று மாலை மாட்டைக் கிழக்கு வரப்பில் முளையடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மருதமுத்து அந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய பேச்சு இது.

"நாளைக்குக் காய்ப்புழுவுக்கு ஆளு வச்சு மருந்து அடிக்கிறேன். நாலு நாளைக்கு உன் மாட்ட இந்தப் பக்கம் கட்டாத."

அவ்வளவுதான். அண்ணே என்று சொல்லவில்லை. நான் சரி என்று தலையாட்டினேன். அவன் போகும்வரை நின்றிருந்துவிட்டு, முளையைப் பிடுங்கி, மாட்டை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.